சுகரால் பாதம் மரத்தவர்கள் சென்னையில் பத்திரமாக நடக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“நரம்பு கொஞ்சம் பாதிச்சிருக்கு, கால் பத்திரம்” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார். மருந்துச் சீட்டோடு வெளியே வந்து நிற்கும்போதுதான் கேள்விகள் வரும். இனிமேல் வாக்கிங் போகலாமா? வீட்டுக்குள்ளேயும் செருப்பு போடணுமா? பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போனால் என்ன செய்வது? போன வாரம் மாடிப்படியில் தடுமாறியது இதனால்தானா?

முதல் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். போகலாம், போகத்தான் வேண்டும். பாதத்தில் புண்ணோ வீக்கமோ இல்லாதவரை, சரியான காலணி போட்டு மிதமாக நடப்பதால் புண் வரும் ஆபத்து கூடுவதில்லை என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. பயந்துபோய் உட்கார்ந்துவிட்டால் கால் தசை இளைக்கும், சுகர் ஏறும், தடுமாற்றம் இன்னும் அதிகமாகும். நடக்கிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில்: கால் எதைச் சொல்லாமல் விடுகிறது?

நல்ல பாதம் இரண்டு வேலை பார்க்கிறது. முள் குத்தினால், சூடு பட்டால், செருப்பு கடித்தால் உடனே வலிக்கிறது. அது ஒன்று. இன்னொன்று நமக்குத் தெரியாமலே நடப்பது. கண்ணை மூடிக்கொண்டாலும் பாதம் மேடான தரையில் இருக்கிறதா, சரிவில் இருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குத் தகவல் போய்க்கொண்டே இருக்கிறது. சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருந்தால் உடம்பிலேயே நீளமான நரம்புகளின் நுனிதான் முதலில் அடிபடும். அதனால் மதமதப்பு கால் விரல்களில் ஆரம்பித்து மெல்ல மேலே ஏறுகிறது.

முதல் வேலை கெட்டால் புண் வரும். இரண்டாவது கெட்டால் ஆள் விழுவார். ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் போஸ்டர்கள் பெரும்பாலும் புண்ணைப் பற்றித்தான் பேசும். விழுவதைப் பற்றிப் பேச ஆளில்லை. இடுப்பெலும்பு முறிந்த பிறகு “வயசாயிடுச்சு” என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே பிரச்சினையாகத்தான் படுகிறது. கால் தகவல் அனுப்புவதில்லை. அந்தத் தகவலைக் கண்ணோ, கையோ, தடியோ, கூட இருப்பவரோ கொண்டுவந்து தர ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஏற்பாடுதான்.

1. வீட்டிலேயே ஒரு சோதனை

வாஷ்பேசின் முன்னால் நின்று முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடும்போது உடம்பு ஆடுகிறதா? கை தானாகப் பேசினைப் பிடிக்கிறதா? அப்படியானால் உங்கள் பாதம் செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கண் மூடியதும் அந்த உதவியும் போய்விடுகிறது.

தொடு உணர்வைப் பார்க்க இப்ஸ்விச் தொடு சோதனை என்று ஒன்று உண்டு. கருவி எதுவும் வேண்டாம், வீட்டில் ஒருவர் போதும். நீங்கள் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் காலின் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி மட்டும் மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். அதில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதம் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. “இப்போ தொட்டேன், தெரியுதா?” என்று கேட்டுக் கேட்டுத் தொட்டால் சோதனை கெட்டுவிடும், பாசத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

2. ஆஸ்பத்திரியில் என்ன கேட்க வேண்டும்

வீட்டுச் சோதனை டாக்டரைப் பார்க்கக் காரணம் தரும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் பாதத்தில் மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக் கவையை (டியூனிங் ஃபோர்க்) எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். பெரிய இடங்களில் பயோதீசியோமீட்டர் என்ற, அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்கும் கருவி இருக்கும். அதில் 25 வோல்ட்டைத் தாண்டியும் அதிர்வு தெரியாவிட்டால் புண் வரும் ஆபத்து அதிகம். காலில் நாடித்துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் குறைவா, நரம்புக் கோளாறா, இரண்டுமா என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். வருடத்துக்கு ஒரு முறையாவது இது நடக்க வேண்டும்.

சென்னையில் இதற்கு இடப் பஞ்சம் இல்லை. 1948-லேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிக் கிளினிக் தொடங்கிய ஊர் இது. ராயபுரத்தில் அவர் பெயரில் நீரிழிவு மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று அரசுப் பெரிய ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன.

அங்கே போகும்போது மூன்று விஷயம் விடாமல் கேளுங்கள். ஒன்று, வைட்டமின் பி12. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம். அதனாலும் கால் மரக்கும், அதைச் சரிசெய்யவும் முடியும். இரண்டு, எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள். இவை தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் தரக்கூடியவை. மாத்திரை தொடங்கிய பிறகு தடுமாற்றம் கூடியிருந்தால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பி.பி. பார்க்கச் சொல்வது. நின்றதும் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், நரம்புப் பாதிப்பு காலோடு நிற்கவில்லை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் காலையில் கட்டிலை விட்டு எழும்போது கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகுதான் நிற்க வேண்டும்.

3. தினமும் பாதத்தைப் பாருங்கள்

இரவு கால் கழுவித் துடைத்த பிறகு, நல்ல வெளிச்சத்தில். பாதத்தின் அடியை, குதிகாலை, விரல் இடுக்கை. குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேலே காலைத் தூக்கிக் காட்டுங்கள், அல்லது போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கொப்புளம், சிவப்பு, வெடிப்பு, நகம் உள்ளே வளர்தல், விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆகியவைதான் தேட வேண்டியவை. புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்து, ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

காய்ப்பு, கால் ஆணி இருந்தால் பிளேடு எடுக்க வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் கார்ன் கேப் பிளாஸ்திரியும் வேண்டாம். அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும், உங்களுக்கு வலிக்காது. மெட்டி போடுபவர்கள் அது இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். கால் வீங்கும்போது அது தோலை வெட்டும்.

4. செருப்பு: இங்கே நேரம் செலவிடுங்கள்

தி.நகர் நடேசன் பூங்காவில் ஒருநாள் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த பெரியவருக்கு ஒரு காலில்தான் ஹவாய் செருப்பு இருந்தது. இன்னொன்று சற்றுப் பின்னால் பாதை ஓரம் கிடந்தது. “ஐயா, செருப்பு கழண்டு போச்சுங்க” என்றதும் குனிந்து பார்த்தார். “அட, ஆமாம்ப்பா. எப்போ கழண்டுதுன்னே தெரியலயே” என்று சிரித்தார். அந்தப் பாதத்தில் அப்போதே ஒரு சின்னச் சரளைக்கல் ஒட்டியிருந்தது. கையால் தட்டிவிட்டுத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டார். கல் ஒட்டியிருந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஹவாய் செருப்பு சென்னைக்குப் பொருத்தமானதுதான், ஆனால் உங்களுக்கு இல்லை. விரல்களை இறுக்கிப் பிடித்தால்தான் அது நிற்கும். மரத்த விரல் பிடிக்காது. கட்டைவிரல் இடுக்கில் வரும் வாரும் அங்கே தோலை அறுக்கும். வேண்டியது, குதிகாலுக்குப் பின்னால் பட்டையும் மேலே ஒட்டுப் பட்டையும் உள்ள செருப்பு அல்லது ஷூ.

சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு, மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பரால் ஆனது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக வேலூர்ப் பக்கம் நடந்த வேலைகளோடு பேசப்படுவது இது. காரணம் வேறு நோய், ஆனால் பாதத்தின் நிலை ஒன்றுதான். நீரிழிவு மருத்துவமனைகளிலேயே காலணிப் பிரிவு இருக்கும், பாதத்தை அளந்து தருவார்கள். பாதம் வளைந்து போனவர்களுக்கும் ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களுக்கும் கடையில் தொங்கும் அளவு சரிப்படாது. அளந்து செய்ததுதான் வேண்டும். கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

வாங்கும்போது:

மாலையில் போங்கள், கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். வீட்டிலேயே ஒரு அட்டை மேல் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அந்த அட்டை காலணிக்குள் மடங்காமல் உட்கார வேண்டும். மடங்கினால் அது குறுகலான காலணி, கடைக்காரர் என்ன சொன்னாலும் வேண்டாம். “போட்டுப் பார்த்தேன், சரியா இருக்கு” என்பதை நம்பவே முடியாது. மரத்த பாதத்துக்குச் சரியான அளவு தொளதொளப்பாகத் தோன்றும், இறுக்கமானதுதான் “பிடிப்பாக” இருக்கும். பலர் ஒரு சைஸ் சின்னதாக வாங்கிக் கொப்புளத்தோடு வருவது இதனால்தான். நீளமான விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும்.

மெத்தென்று இருந்தால் நல்லது என்று பஞ்சு மாதிரி அமுங்கும் தடித்த சோல் வாங்காதீர்கள். தோலுக்கு அது சுகம், ஆனால் தரை எங்கே இருக்கிறது என்ற கொஞ்சநஞ்சத் தகவலையும் அது மறைத்துவிடும், ஆள் ஆடுவார். பாதத்தைத் தொடும் உள்பகுதி மென்மையாகவும், தரையைத் தொடும் வெளிச் சோல் உறுதியாகவும், அகலமாகவும், வழுக்காததாகவும் இருக்க வேண்டும்.

புதுச் செருப்பை முதல் நாளே மெரினாவுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். வீட்டுக்குள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் சீக்கிரம் மறையாவிட்டால் அந்த இடத்தில் செருப்பு அழுத்துகிறது. சில நாளில் மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.

போடும் முன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கல், ஆணி முனை, பேரன் போட்ட பொம்மைச் சக்கரம் என்று எதுவும் இருக்கும். சாக்ஸ் பருத்தியில், வெளிர் நிறத்தில் இருக்கட்டும். ரத்தமோ நீரோ கசிந்தால் வெள்ளையில் உடனே தெரியும், கறுப்பில் தெரியாது.

5. வீட்டுத் தரை

தெருவைவிட வீட்டுக்குள் ஆபத்து குறைவு என்று நினைப்போம். வெறுங்காலில், பாதித் தூக்கத்தில், லைட் போடாமல் நடப்பது வீட்டுக்குள்தான்.

வீட்டுக்கு என்று தனியாக ஒரு ஜோடி வையுங்கள். வாசலைத் தாண்டாத செருப்பு என்றால், “வீட்டுக்குள்ள செருப்பா?” என்று முகம் சுளிக்கும் மாமியாரும் ஒத்துக்கொள்வார். படுக்கையில் இருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு வேண்டும். கண்ணை நம்பி நடப்பவருக்கு இருட்டு என்றால் பாதமும் கண்ணும் சேர்ந்து போன மாதிரி. பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் ஒவ்வொரு அறைக்கும் நிலைப்படி இருக்கும். அதன் மேல் பளிச்சென்ற மஞ்சள் டேப் ஒட்டுங்கள். அடுக்குமாடி வீடானால் மாடிப்படியின் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும். பைஃபோகல் கண்ணாடி போடுபவர்கள் படி இறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். தலையைக் குனிந்து மேல்பாதி வழியாகப் பாருங்கள், கைப்பிடியை விடாதீர்கள்.

ஓரம் சுருண்ட மிதியடிகளைத் தூக்கிப் போடுங்கள். பாத்ரூமில் சுவரில் திருகி மாட்டிய ஸ்டீல் கைப்பிடி வேண்டும். டவல் கம்பியைப் பிடித்தால் அது கையோடு வந்துவிடும். வெந்நீரைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைப்பது, ஹீட்டிங் பேட், ஒத்தடம் எல்லாம் உங்களுக்கு இனிமேல் கிடையாது, வெந்துபோவது தெரியாது.

தரைத்தள வீட்டில் எலி நடமாட்டம் இருந்தால் கொசுவலைக்குள் படுங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் மரத்த காலை ராத்திரி எலி கடித்து, காலையில் ரத்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வருவதுண்டு.

6. சமையல் மேடைப் பயிற்சி

நரம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாவிட்டாலும் தசையையும் சமநிலையையும் பயிற்றுவிக்க முடியும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரு நாற்காலி போட்டு, செருப்போடு செய்யுங்கள். குதிகாலை மெல்லத் தூக்கி இறக்குவது பத்து முறை. கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது பத்து முறை. ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரலுக்கு முன்னால் ஒட்டி வைத்துப் பத்து விநாடி நிற்பது. சுலபமான பிறகு பிடியைத் தளர்த்தி, ஒரு விரல் மட்டும் மேடையைத் தொடும்படி நில்லுங்கள். விரல் நுனியின் அந்த லேசான தொடுதலே உடம்பு எங்கே சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லிவிடும். கண்ணை மூடிச் செய்வதை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தடி உதவுவதும் இதே முறையில்தான். எடையைத் தாங்குவதைவிடத் தரையைப் பற்றிக் கைக்குச் சொல்வது அதன் பெரிய வேலை. கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வர வேண்டும். ஒரு கால் பலவீனமானால் தடி எதிர்க்கையில். அடியில் இருக்கும் ரப்பர் குப்பி தேய்ந்தால் மாற்றுங்கள், சில்லறைக் காசுதான். குடையைத் தடியாக்குவது நம் ஊர்ப் பெரியவர்களின் வழக்கம். அதன் முனை டைல்ஸில் வழுக்கும்.

தடி வேண்டுமா என்று சந்தேகமாக இருந்தால்: நாற்காலியில் இருந்து எழுந்து, மூன்று மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது. பிசியோதெரபிஸ்டைப் பார்க்கலாம்.

7. தெருவில் இறங்கலாம்

எப்போது போவது? சென்னையில் வாக்கிங் என்றாலே விடியற்காலை ஐந்து மணி. உங்களுக்கு அது வேண்டாம். வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். கத்திரி வெயில் காலத்தில் வெளிச்சம் வந்ததும் போய் ஏழரைக்குள் திரும்பிவிடுங்கள். மார்கழியில் இன்னும் கொஞ்சம் தாமதமாகப் போகலாம். வாசல் தெளித்த ஈரமும் கோல மாவும் சேர்ந்த இடம் வழுக்கும், தள்ளி நடங்கள்.

எங்கே? முதல் சில வாரங்களுக்குப் பூங்காதான். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா, தி.நகர் நடேசன் பூங்கா மாதிரி, சுற்றி வர ஒரு பாதையும் அங்கங்கே பெஞ்சும் உள்ள இடம். ஒரே சுற்றில் நடப்பதால் எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே மரவேர் தூக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே எட்டு வடிவப் பாதையோ, கூழாங்கல் பதித்த பாதையோ இருந்தால் அது உங்களுக்கு இல்லை. “வெறுங்காலில் கூழாங்கல்லில் நடந்தால் நரம்பு திரும்பும்” என்று பக்கத்து பெஞ்சில் யாராவது அடித்துச் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

2023 நவம்பரில் அரசு தொடங்கிய 8 கிலோமீட்டர் நடைப் பாதைத் திட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, முதல் நாளே எட்டும் நடக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்கி, பாதத்தைப் பார்த்துச் சிவப்பு இல்லை என்றால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது போய்ச் சேர வேண்டிய இடம். ஒரே மூச்சில் நீளமாக நடப்பதைவிட இரண்டு மூன்றாகப் பிரித்து நடப்பது பாதத்துக்கு நல்லது.

தெருவில் நடந்துதான் ஆக வேண்டும் என்றால், பிளாட்பாரத்தைப் படிக்கப் பழகுங்கள். நம் பிளாட்பாரத்தில் மூன்று பொறிகள். பெயர்ந்த சிமென்ட் பலகை, அதற்கும் மேன்ஹோல் மூடிக்கும் நடுவே இருக்கும் மேடுபள்ளம், அப்புறம் கடைகள் தங்கள் வாசலுக்குப் போட்டுக்கொண்ட சரிவு. கடைசியில் சொன்னதுதான் மோசம். பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், காலையில் கழுவியும் விட்டிருப்பார்கள். கணுக்கால் சரிவை உணராதபோது அங்கேதான் பாதம் திரும்பும். பார்வை காலடியில் இல்லாமல், இரண்டு மூன்று அடி முன்னால் இருக்கட்டும். போன் வந்தால், தெரிந்தவர் கூப்பிட்டால், கடைப் பலகையைப் படிக்க வேண்டுமென்றால் நின்றுகொண்டு செய்யுங்கள். நடந்துகொண்டே திரும்பிப் பார்ப்பதுதான் பலரை விழவைக்கிறது.

பிளாட்பாரம் இல்லாத தெருவில் எதிரே வண்டி வரும் பக்கமாக, அதாவது வலது ஓரமாக நடப்பதுதான் விதி. எதிர்த்திசையில் வரும் பைக்குகள் அந்த விதியைப் படிக்கவில்லை என்பதால் பின்னாலும் காது இருக்கட்டும். உடைந்த பலகை, மூடியில்லாத மேன்ஹோல், எரியாத தெருவிளக்கு ஆகியவற்றுக்கு மாநகராட்சியின் 1913-ல் புகார் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 2019-ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை மாதிரி அகலமான இடங்கள் சிலவே. கூட்டமில்லாத காலை வேளையில் அவை நல்ல பயிற்சிக் களம்.

பஸ்ஸில் கூட்டம் ஏறிய பிறகு கம்பியைப் பிடித்து ஏறுங்கள், முழுதாக நின்ற பிறகு இறங்குங்கள். “கண்டக்டர், காலு சரியில்ல, நிறுத்தி இறக்கிவிடுங்க” என்று முன்னாலேயே சொல்லி வைத்தால் பெரும்பாலும் விசில் காத்திருக்கும். மின்சார ரயிலில் பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் இடையே இருக்கும் இடைவெளியைக் கண்ணால் பார்த்துக் கால் வையுங்கள். மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, எஸ்கலேட்டரைத் தவிருங்கள். பைக்கின் பின்னால் உட்கார்ந்தால் சைலன்சர் பக்கம் கவனம். காரில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரும் பழக்கத்தை விடுங்கள். நீண்ட பயணத்தில் சூடேறிய தரையில் பாதம் வெந்து கொப்புளமானவர்கள் உண்டு.

8. சட்டைப் பையில் குளுக்கோஸ்

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களும் நடக்கும் முன் சுகர் பார்ப்பது நல்லது. 90-100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 70-க்குக் கீழே போனால் லோ சுகர்: மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி சோதனை. பிஸ்கெட் மெதுவாகத்தான் ஏறும். வியர்வை, படபடப்பு என்ற எச்சரிக்கையும் நரம்புப் பாதிப்பில் மழுங்கிப்போகலாம். அதனால் திடீரென்று நடை தள்ளாடினால் காலைக் குறை சொல்லும் முன் சுகரைப் பாருங்கள்.

9. கோயில், கடற்கரை, மழை

கோயிலை விட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். வெயில் ஏறிய கருங்கல் பிராகாரத்தில் மற்றவர்கள் குதித்துக் குதித்து ஓடுவார்கள், நீங்கள் நிதானமாக நடந்துபோவீர்கள். அதில்தான் ஆபத்து. விடிந்தவுடன் அல்லது பொழுது சாய்ந்த பிறகு போங்கள். சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று கோயிலில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எண்ணெய் சிந்திய விளக்கு மேடைப் பக்கம் போகாதீர்கள். வெளியே வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலில் வேண்டாம். தீமிதி, வெறுங்கால் விரதம் எடுக்க நினைத்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள். அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

மெரினாவிலும் எலியட்ஸிலும் நடைமேடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணல் காலுக்குக் கீழே நகரும், அதில் சமநிலை நிற்காது. கிளிஞ்சலும் பாட்டில் துண்டும் மணலுக்குள் கிடக்கும்.

அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை, தெருவில் தண்ணீர் நின்றால் வாக்கிங் இல்லை. அடியில் என்ன இருக்கிறது என்று பாதமும் சொல்லாது, கண்ணாலும் பார்க்க முடியாது. வீட்டு ஹாலில் சுவரோரமாக நடங்கள். வேறு வழியில்லாமல் தண்ணீரில் இறங்கினால், திரும்பியதும் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கை உலரத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். ஈரச் செருப்பை மறுநாளும் போட வேண்டாம். மாற்று ஜோடி இல்லாமல் சென்னை மழைக்காலத்தைத் தாண்ட முடியாது.

10. எப்போது நடையை நிறுத்த வேண்டும்

பாதத்தில் எங்கே தோல் பிய்ந்திருந்தாலும் அந்தப் பாதத்தில் எடை போடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். “வலிக்கலையே, நாளைக்குப் பார்க்கலாம்” என்ற பேச்சு இங்கே செல்லாது. புண் ஆறுவதற்கு மருந்தைப் போலவே அழுத்தம் படாமல் இருப்பதும் முக்கியம். அதற்குத்தான் சில நேரம் கட்டுப் போட்டு நடையை நிறுத்துகிறார்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, புறங்கைக்கு மற்றதைவிடச் சூடாகத் தெரிந்தால் அது சார்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். உணர்வு இல்லாததால் வலி கொஞ்சமாகத்தான் இருக்கும். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நடந்தால் பாதத்தின் வடிவமே குலைந்துவிடும். உட்கார்ந்துவிடுங்கள், நடக்காமல் ஆட்டோவிலோ காரிலோ ஆஸ்பத்திரிக்குப் போய், “சுகர் இருக்கு, உணர்வு கிடையாது, ஒரு கால் மட்டும் சூடா வீங்கியிருக்கு” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் சார்கோ இல்லை என்று ஆகாது, அதையும் கேளுங்கள்.

புண்ணோடு காய்ச்சல், கெட்ட வாடை, விரல் கறுத்துப் போவது, சிவப்பு மேலே ஏறுவது இருந்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். விழுந்து தலையில் அடிபட்டால், எழுந்து நிற்க முடியாவிட்டாலும் அப்படித்தான். அடிக்கடி விழுபவர்கள் போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். மேஜை மேல் இருக்கும் போன் தரையில் கிடப்பவருக்கு எட்டாது.

புண் ஆறி டாக்டர் சரி என்ற பிறகு, பழைய தூரத்தில் இருந்து தொடங்காமல், செருப்பை மறுபடி அளந்து பார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் இருந்து ஆரம்பியுங்கள்.